யாரும் சாகாத கதைகள்

டயாலிசிஸ் அறையில் பதினொரு வருஷமாக ஊசி குத்துகிற ஒருத்திக்கு நாற்பத்தொரு வயதில் கார்ட்டூன் பைத்தியம் என்று சொன்னால் கேட்கிறவர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும், ஆனால் கார்ட்டூன் என்ற சொல் அவள் காதில் விழக் கூடாது. "அனிமே" என்று திருத்துவாள், ஜப்பானில் வரைந்து எடுக்கிற படத்தொடர். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டுத் தொலைத்தால் சாப்பாடு ஆறிப்போகும், வந்த வேலை கெட்டுப்போகும். அவளுடைய கணவர், சன்னல்களுக்குக் கண்ணாடி அறுத்துப் பொருத்துகிற மனிதர், ஒரே ஒரு முறை அந்தக் கேள்வியைக் கேட்டார். அதற்குப் பிறகு இந்த ஜென்மத்தில் கேட்பதில்லை என்று முடிவு செய்துவிட்டார்.

ஆரம்பித்து வைத்தது மகன். ஆறு வயதில் மாடிப்படியில் உருண்டு கையை ஒடித்துக்கொண்டான். மாவுக்கட்டோடு அவனை ஒன்றரை மாதம் ஓரிடத்தில் உட்கார வைப்பதற்குள் பெற்றவள் பாடு பெரும்பாடாகிவிட்டது. யாரோ சொன்னார்கள் என்று ஒரு அனிமேயைப் போட்டுவிட்டு அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். கட்டுப் பிரித்த அன்றைக்கே பையன் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டான். இப்போது அவன் அப்பாவைவிட ஒரு பிடி உயரம். அம்மாதான் இன்னும் எழுந்திருக்கவில்லை.

புத்தகப் பழக்கம் அதற்கும் முந்தியது. வீட்டிலிருந்து மருத்துவமனைக்குப் பேருந்தில் போக ஐம்பது நிமிஷம், வர ஐம்பது நிமிஷம். போகும்போது புத்தகம், வரும்போது அனிமே என்று பாகம் பிரித்து வைத்திருந்தாள். முடித்ததை எல்லாம் ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதுவாள். நட்சத்திரம் போடுகிற வழக்கமெல்லாம் அவளிடம் கிடையாது. மனதில் பட்டதை எழுதுவாள், அவ்வளவுதான்.

சமீபத்தில் எழுதியது இப்படி இருந்தது: "மலைமேல் ஒரு ரயில் நிலையம், அதில் ஒரு சிற்றுண்டிக் கடை. ஒரு நாளைக்கு இரண்டே ரயில். பன்னிரண்டு பாகத்திலும் ஒன்றுமே நடக்கவில்லை. ஏழாம் பாகத்தில் வெந்நீர்க் கெட்டில் பழுதாகிறது, அதுதான் இருப்பதிலேயே பெரிய சண்டைக் காட்சி. கெட்டில் சரியானதும் நான் பேருந்தில் கைதட்டிவிட்டேன். பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு இடத்தில் போய் உட்கார்ந்தார்."

அதற்கு அடுத்த பக்கத்தில்: "அறுநூறு பக்க நாவல். முதல் நூறு பக்கமும் யாருக்கு யார் என்ன உறவு என்பதுதான். எழுதியவருக்கு வீட்டில் யாராவது எடுத்துச் சொல்லியிருக்கலாம். நூற்றிரண்டாம் பக்கத்தில் மூத்த மருமகள் வாயைத் திறந்தாள். நான் இறங்க வேண்டிய நிறுத்தம் போய்விட்டது."

இன்னொன்று: "கொலைகாரன் யார் என்று முதல் வரியிலேயே சொல்லிவிட்டார்கள். பிறகு எதற்கு முந்நூறு பக்கம் என்று கோபத்தோடு படித்தேன். கடைசியில் அவன் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று சாமியிடம் வேண்டிக்கொண்டேன். என்னை இப்படி ஆக்கினதற்கு அந்த ஆள் மேல் வழக்குப் போடலாம்."

இதையெல்லாம் எழுதி நோட்டை மூடி வைத்திருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். அவளால் அப்படி இருக்க முடியாது. ஒன்றை ரசித்துவிட்டால் அடுத்த ஆளிடம் சொல்லியாக வேண்டும். கணவர் நல்லவர், ஆனால் இரண்டாவது நிமிஷத்தில் கொட்டாவி விடுவார். டயாலிசிஸ் அறையில் இருப்பவர்கள் அப்படி இல்லை. எட்டுக் கட்டில், எட்டு இயந்திரம், ஒவ்வொருவருக்கும் நான்கு மணி நேரம். இரண்டு ஊசிகளோடு ஒரு கை அசையாமல் கட்டிலில் கிடக்கும், உடம்பிலிருந்து இரத்தம் குழாய் வழியே போய் சுத்தமாகித் திரும்பி வரும். அவர்கள் எழுந்து ஓட முடியாது. ரசிகைக்கு இதைவிட நல்ல சபை எங்கே கிடைக்கும்?

போகப் போக அது ஒரு தொழில்முறையாகவே ஆகிவிட்டது. ஊசி என்றால் மருந்து போடுகிற மெல்லிய ஊசி இல்லை, ஆணி மாதிரி தடியாக இருக்கும். வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் இரண்டு குத்து. எத்தனை வருஷம் குத்தினாலும் கை இறுகத்தான் செய்யும், இறுகினால் ஊசி சரியாகப் போகாது. அவள் கையைத் துடைக்கும்போதே கதையைத் தொடங்கிவிடுவாள். அடுத்தது என்ன என்று தவிக்கவைக்கிற ஒரு கொக்கியைப் போட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வாள். படுத்திருப்பவர் "அப்புறம்?" என்பார். அந்தச் சொல்லைச் சொல்லும்போது கை தளரும், ஊசி உள்ளே போய்விட்டிருக்கும். வேலை கற்றுக்கொள்ள வந்தவர்கள் இந்த வித்தையைப் பார்த்து வாயைப் பிளப்பார்கள். அறையில் எல்லாருக்கும் அவள் கதைக்காரம்மா.

கதைக்காரம்மாவின் கதைகளுக்கு ஒரு விதி இருந்தது. யாரும் சாக மாட்டார்கள்.

முன்பு அப்படி இல்லை. முதல் வருஷத்தில் ஒரு நாள், போர்க்களத்தில் சிநேகிதனைக் காப்பாற்றி உயிரைவிடும் வீரனின் கதையை நடித்தே காட்டியிருக்கிறாள். மூன்றாம் கட்டிலில் இருந்த தையல்காரப் பெண் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அடுத்த வாரம் அந்தக் கட்டில் காலியாக இருந்தது. அந்த அறையில் காலிக் கட்டிலுக்கு விளக்கம் யாரும் கேட்பதில்லை, யாரும் சொல்வதும் இல்லை. கதைக்கும் அந்தப் பெண்ணுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று கதைக்காரம்மாவுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்து என்ன, மனசு கேட்க வேண்டுமே. அன்றிலிருந்து அவள் கதையில் சாக வேண்டியவர்களுக்கெல்லாம் வெளியூரில் வேலை கிடைத்தது. தளபதிகள் மாற்றலாகிப் போனார்கள். நோயாளித் தாய்மார்கள் கடற்கரையில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய் உடம்பைத் தேற்றிக்கொண்டார்கள். ஒரு கிழட்டு நாய்கூடப் பண்ணை வீட்டில் காவல் வேலைக்குச் சேர்ந்தது.

இதை முதலில் கவனித்தவர் ஐந்தாம் கட்டில்காரர். ஐம்பதைத் தாண்டியவர், இருபத்தைந்து வருஷம் லாரி ஓட்டியவர். சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு லாரி அலுவலகத்தில் நாற்காலி வேலை. அறையில் அவருக்குப் பெரியவண்டி என்று பெயர். ஆள் கட்டிலை அடைத்துக்கொண்டு படுத்திருப்பார். ஊசியைக் கண்டால் மட்டும் கண்ணை இறுக மூடிக்கொள்வார். "உங்க கதையில எல்லாருக்கும் வெளியூர்ல வேலை கெடைக்குதேம்மா, எனக்கும் ஒண்ணு பாத்துக் குடுங்களேன்" என்று அவர் ஒரு நாள் கேட்டபோது கதைக்காரம்மாவுக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அவர் விளையாட்டாகத்தான் கேட்டார்.

பெரியவண்டிக்கு ஒரு தங்கை. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள். ஓட்டக் கற்றுக்கொடுத்ததே அண்ணன்தான். அவளுடைய சிறுநீரகம் அண்ணனுக்குப் பொருந்துகிறது என்று பரிசோதனையில் தெரிந்து ஒன்றரை வருஷமாகிறது. தருகிறேன் என்று அவள் ஒற்றைக் காலில் நிற்கிறாள். வேண்டாம் என்று அவர் இரண்டு காலிலும் நின்றார். அவளுக்கு இரண்டு பிள்ளைகள், நாளைக்கு அவளுக்கு ஒன்று ஆகிவிட்டால் அந்தப் பிள்ளைகள் முகத்தில் எப்படி விழிப்பேன் என்பார். மருத்துவர் பேசிப் பார்த்தார். கதைக்காரம்மாவும் பேசிப் பார்த்தாள். மனிதர் கல்லு மாதிரி கிடந்தார். இதற்கிடையில் அவர் உடம்பு இறங்கிக்கொண்டே வந்தது. இயந்திரத்தில் போட்ட மூன்றாவது மணி நேரத்தில் இரத்த அழுத்தம் சரிந்து, கால்கள் முறுக்கிக்கொண்டு, அந்தப் பெரிய உடம்பு கட்டிலில் துள்ளுவதைப் பார்க்கிறபோதெல்லாம் அவளுக்குத் தாங்காது.

அப்படி இருக்கும்போதுதான் முங்கு கதை வந்தது. அதன் நிஜப் பெயர் நீளம், அறைக்கு அது முங்கு கதை. இருபத்துநான்கு பாகம். கடலுக்குள் முழுகிப்போன ஒரு ஊர், அதன்மேல் படகில் வாழும் ஒரு அண்ணன், ஒரு தங்கை. இரண்டு பேரும் முக்குளிப்பவர்கள். ஊரைவிட்டு ஓடியவர்கள் ஒவ்வொருவராக வந்து, கீழே விட்டுவிட்டு வந்த ஏதோ ஒரு பொருளை எடுத்துத் தரச் சொல்வார்கள். ஒரு பாகத்தில் பள்ளிக்கூட மணி, ஒரு பாகத்தில் தையல் இயந்திரம், ஒரு பாகத்தில் யாரோ ஒருவருடைய மூக்குக் கண்ணாடி. கதைக்காரம்மா நோட்டில் எழுதினாள்: "தண்ணீருக்குள் வெளிச்சம் எப்படி விழும் என்று வரைந்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. மூக்குக் கண்ணாடிப் பாகம் முடிந்ததும் ஒரு முறை முகம் கழுவினேன். தங்கை கோபக்காரி. எனக்கு அவளைத்தான் பிடித்திருக்கிறது."

ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் தண்ணீருக்கு மேல் குடிக்கக் கூடாதவர்களிடம் போய்க் கடல் கதை சொல்கிறோமே என்று முதலில் தயங்கினாள். அவர்களானால் வாயில் ஐஸ்கட்டியை ஒதுக்கிக்கொண்டு ஆனந்தமாகக் கேட்டார்கள். பெரியவண்டி அதில் முழுசாக விழுந்துவிட்டார். ஒரு நாளைக்கு ஒரு பாகம், வாரத்துக்கு மூன்று. கேட்ட கதையை அன்று சாயங்காலமே தங்கைக்குப் போனில் ஒப்பித்துவிடுவாராம்.

எட்டாவது வாரக் கடைசியில் இருபத்துநான்காம் பாகம் வந்தது. அண்ணனும் தங்கையும் இதுவரை போகாத ஆழத்துக்குப் போகிறார்கள். மூச்சுவிட அண்ணன் முதுகில் கட்டியிருந்த காற்று உருளை உடைந்துவிடுகிறது. தங்கை முதுகில் இரண்டு உருளை. ஒன்றைக் கழற்றி அண்ணனுக்குக் கொடுக்கிறாள். கதைக்காரம்மா சொன்னபடி, இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு உருளையோடு மேலே வந்து, படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எட்டுக் கட்டிலிலும் பெருமூச்சு கேட்டது.

அடுத்த செவ்வாய்க்கிழமை, ஊசி போட்டு முடிந்த பிறகு, சொந்தக்காரர் யாரையோ விசாரிப்பது போலக் கேட்டார். "ரெண்டு இருந்துச்சு, ஒண்ணு குடுத்தா. ஒண்ணும் ஆகலல்ல?"

"ஒண்ணும் ஆகாதுண்ணே. ஒண்ணை வெச்சுக்கிட்டு நல்லாவே வாழலாம்" என்றாள் அவள். எதைப் பற்றிப் பேசுகிறார் என்று புரிந்தேதான் சொன்னாள்.

அவர் அன்றைக்கே தங்கையைக் கூப்பிட்டு சரி என்று சொல்லிவிட்டார். அறையே கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. மறுபடி பரிசோதனைகள், கையெழுத்துகள், அறுவைச் சிகிச்சைக்கு ஆறு வாரம் தள்ளி ஒரு தேதியும் குறித்தார்கள். கதைக்காரம்மா தரையில் கால் படாமல் நடந்தாள். சொன்ன பொய் மட்டும் செருப்புக்குள் போன கல் போல அவ்வப்போது உறுத்தியது. நல்லதுக்குத்தானே என்று உதறிக்கொண்டே நடந்தாள்.

தேதிக்கு இரண்டு வாரம் இருந்தது. ஒரு வியாழக்கிழமை காலை அவள் பெரியவண்டியின் கையைத் துடைத்துக்கொண்டே புதுக் கதை ஒன்றைத் தொடங்கினாள், கொக்கி போட்டாள், நிறுத்தினாள். அவர் "அப்புறம்" என்று கேட்கவில்லை. பழக்க தோஷத்தில் அவள் கை ஊசியைச் செலுத்திவிட்டது. கை இறுகியிருந்தது. ஊசி இரத்தக் குழாயைக் கிழித்துக்கொண்டு மறுபக்கம் போனது, கண்ணெதிரே கை முழங்கைக்குக் கீழே எலுமிச்சம்பழம் அளவு வீங்கியது. நான்கு வருஷத்தில் அவருக்கு அவள் குத்தியதில் முதல் தவறு அதுதான். பதறிப்போய் ஐஸ் வைத்து அழுத்திப் பிடித்தாள். மனிதர் முகம்கூடச் சுளிக்கவில்லை.

"அந்தப் பொண்ணு செத்துட்டா" என்றார்.

ஆஸ்பத்திரியில் படுக்கப் போகிறோமே, அதற்குள் அந்தக் கதையைப் படமாக ஒரு தரம் கண்ணால் பார்த்துவிடலாம் என்று அவருக்கு ஆசை வந்திருக்கிறது. ஐந்து நாளில் இருபத்துநான்கு பாகமும் பார்த்துவிட்டார். கதைக்காரம்மா சொன்னது எல்லாம் அப்படியே இருந்ததாம், மணி, தையல் இயந்திரம், மூக்குக் கண்ணாடி. கடைசி மட்டும் இல்லை. அண்ணன் மட்டும்தான் மேலே வருகிறான். தங்கையிடம் மிஞ்சிய உருளையில் காற்று போதவில்லை. அவள் இடுப்பில் கட்டியிருந்த கயிற்றை அவன் இழுக்கிறான், இழுத்துக்கொண்டே இருக்கிறான், வெறும் கயிறு வருகிறது.

"என் தங்கச்சிக்கு ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னீங்கல்ல," என்றார். குரல் உயரவே இல்லை. "அதையும் இதே வாயாலதானம்மா சொன்னீங்க."

அறுவைச் சிகிச்சை வேண்டாம் என்று வரும் வழியிலேயே மருத்துவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வந்திருந்தார். கதைக்காரம்மா வீங்காத இடமாகப் பார்த்து வேறு ஊசி போட்டு இயந்திரத்தை ஓடவிட்டாள்.

கதைக்காரம்மா வீட்டுக்குப் போய் அழுது தீர்த்தாள். கண்ணாடிக்காரக் கணவர் சாப்பாட்டுத் தட்டோடு எதிரே உட்கார்ந்து, அன்றைக்கு ஒரு கொட்டாவிகூட விடாமல் முழுக் கதையும் கேட்டார். பிறகு, தன் தொழிலில் விரிசல் விட்ட கண்ணாடியைப் பசை போட்டு ஒட்டி யாருக்கும் கொடுப்பதில்லை, எடுத்துவிட்டுப் புதிது போடுவதுதான் வழக்கம் என்று பொத்தாம்பொதுவாக ஒன்றைச் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். மனிதருக்கு உபதேசம் பண்ண வராது. ஆனால் அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

சனிக்கிழமை அவள் நோட்டை எடுத்துக்கொண்டு போனாள். முதலில் பெரியவண்டியிடம் கேட்டு அனுமதி வாங்கிக்கொண்டு ஊசி போட்டாள், கதை இல்லாமல், "இப்ப குத்தறேன்ணே" என்று சொல்லி. இயந்திரத்தை ஓடவிட்டுவிட்டு ஐந்தாம் கட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். நான்கு வருஷக் கதைகளின் நிஜ முடிவுகளை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினாள். மாற்றலாகிப் போன தளபதி குண்டடிபட்டுச் செத்தான். கடற்கரை அக்கா வீட்டுக்குப் போன தாய்க்கு அக்காவே கிடையாது. நாய் குளிரில் செத்தது, பண்ணை வீடும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. மற்றக் கட்டில்களிலிருந்து தலைகள் திரும்பின. "நாயுமா?" என்று இரண்டாம் கட்டில் அம்மா கேட்டது அவளுக்குக் குத்தியது. ஆமாம் என்றாள். தையல்காரப் பெண் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்ததையும் சொன்னாள்.

முங்கு கதையின் கடைசிப் பாகத்துக்கு நோட்டில் இரண்டே வரி இருந்தது. அதையும் படித்துக் காட்டினாள்: "தங்கை உருளையைக் கழற்றத் தொடங்கியதும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். மிச்சத்தைச் சத்தத்தில்தான் கேட்டேன்."

பெரியவண்டி கண்ணை மூடியபடியே கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும், "என் தங்கச்சிக்கு?" என்றார்.

ஒன்றும் ஆகாது என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பத்து வருஷப் பழக்கம், லேசில் போகுமா? அதை விழுங்கிவிட்டுச் சொன்னாள். "குடுத்தவங்க நெறையப் பேர் நல்லா இருக்காங்க. நானே பாத்திருக்கேன். ஆபத்து ரொம்பக் கம்மி. ஆனா இல்லவே இல்லன்னு என்னால சொல்ல முடியாதுண்ணே. யாராலயும் சொல்ல முடியாது."

அவர் மெல்லத் தலையாட்டினார். "இப்ப உங்கள நம்பறேன்மா. நம்பறதாலதான் வேண்டாங்கறேன்."

உண்மையைச் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்று கதைகளில்தான் வருகிறது. கதைக்காரம்மாவுக்குத் தன் மேலேயே வெறுப்பாக இருந்தது. பொய் சொல்லி அவரைச் சம்மதிக்க வைத்தாள், உண்மையைச் சொல்லி அந்தச் சம்மதத்தை அடியோடு சாய்த்துவிட்டாள். அன்றைக்கும் மூன்றாவது மணி நேரத்தில் அவருக்குக் காலை முறுக்கியது. கெண்டைக்காலை அவள் அழுத்திப் பிடித்திருந்தபோது, இன்னும் எத்தனை நாளைக்கு இந்த உடம்பு தாங்கும் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அறைக் கதவு திறந்தது. உறவினர்களை உள்ளே விடுவதில்லை. ஆனாலும் மருத்துவரே ஒரு பெண்ணை அழைத்துக்கொண்டு வந்து, காலுறையும் முகக்கவசமும் கொடுத்து உள்ளே விட்டுவிட்டுப் போனார். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். வேன் ஓட்டுநர் சீருடை, இடுப்பில் சாவிக்கொத்து. காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு நேராக வந்திருக்கிறாள். பெரியவண்டியின் தங்கை என்று யாரும் சொல்லாமலே கதைக்காரம்மாவுக்குத் தெரிந்தது. அதே அகலமான நெற்றி.

அவள் அண்ணனை இப்படிப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. கையிலிருந்து சிவப்பாக ஒரு குழாய் போவதையும் இன்னொன்று வருவதையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"வேண்டாம்னு எழுதிக் குடுத்தியாமே."

"ஆமா பாப்பா. அந்தக் கதையில..."

"செத்துட்டா. தெரியும்" என்றாள் பாப்பா. "நீ போன்ல மூணாவது பாகம் சொன்னப்பவே எனக்குப் பொறுக்கல. அந்த வாரமே உக்காந்து மொத்தத்தையும் பாத்துட்டேன். மூணு மாசம் ஆச்சு."

கதைக்காரம்மா இரத்த அழுத்தக் கருவியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றாள். இவள் மாற்றிச் சொன்ன முடிவை அண்ணன் போனில் சந்தோஷமாகச் சொன்னபோது, நிஜ முடிவு தெரிந்த தங்கை மறுமுனையில் உம் கொட்டிக்கொண்டு கேட்டிருக்கிறாள்.

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"நீயே ஒண்ணரை வருஷம் கழிச்சு சரின்னு சொல்றே. அப்ப நான் எதுக்கு வாயத் திறக்கணும்?" என்றாள். பிறகு முக்காலியை இன்னும் கொஞ்சம் நெருக்கிப் போட்டுக்கொண்டாள். "நீ கடைசிப் பாகத்துல யாரப் பாத்தே? அண்ணனைத்தானே? வெறுங் கயித்த இழுக்கறானே, அவனத்தானே?"

அவர் தலையசைத்தார்.

"நான் அவளப் பாத்தேன். அவளுக்குப் பயமாத்தான் இருக்கு. நல்லாவே வரைஞ்சிருக்காங்க. கழட்டறப்ப கொக்கி ரெண்டு தரம் வழுக்குது. ஆனா நிறுத்தல. குடுத்ததுக்கு அப்புறம் அவன் போக மாட்டேங்கறான், திரும்பித் திரும்பிப் பாக்கறான். அவளுக்குக் கோவம் வந்துருது. போன்னு கையாலயே தள்ளறா. அவன் மேல போறதப் பாத்த பொறவு அவ மூஞ்சில ஒரு நிம்மதி இருக்கு பாரு, அதுக்காகவே அந்த எடத்த நான் நாலு தரம் பாத்தேன்."

கதைக்காரம்மா போனைக் கவிழ்த்து வைத்தது அந்த இடத்தில்தான். இருபத்துநான்கு பாகத்திலும் அவளுக்கு மிகவும் பிடித்த பெண்ணின் முகத்தைக் கடைசியில் அவள் பார்க்கவே இல்லை.

"அவ தண்ணிக்கு அடியில தனியா இருந்தா. எனக்கு அப்படியா? டாக்டருங்க இருக்காங்க, ஊருப்பட்ட மெஷின் இருக்கு, இந்தம்மா இருக்காங்க. ஆபத்து கொஞ்சம் இருக்குன்னு என்கிட்டயும் எல்லாத்தையும் படிச்சுக் காட்டித்தான் கையெழுத்து வாங்கினாங்க. படிச்சுட்டுத்தான் போட்டேன்." பாப்பா அண்ணன் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். "நீ டாக்டரக் கேட்டே. இந்தம்மாவக் கேட்டே. ஒரு கார்ட்டூனக் கேட்டே. என்னை ஒரு தரம்கூடக் கேக்கலயேண்ணே."

கார்ட்டூன் என்றதைக் கதைக்காரம்மா திருத்தவில்லை. திருத்துகிற நிலையில் அவளும் இல்லை.

ஒன்றரை வருஷமாகப் பெரியவண்டி தன் தங்கையின் பிள்ளைகளைப் பற்றி யோசித்திருக்கிறார், தன் மனசாட்சியைப் பற்றி யோசித்திருக்கிறார், தன் மேல் விழப்போகும் பழியைப் பற்றியும் யோசித்திருக்கிறார். ஒன்றரை வருஷமும் தங்கை வாங்கிக்கொள் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள், இவர் அதைப் பிடிவாதம் என்றே நினைத்துவிட்டார். அவள் மனசில் என்ன இருக்கிறது என்று அவளிடமே கேட்கிற கேள்வி மட்டும் இவர் வாயில் வரவே இல்லை. இப்போது வந்தது.

"பயமா இருக்கா பாப்பா?"

"இருக்கு."

"எனக்கும் இருக்கு."

"தெரியும்."

"குடுக்கணும்னு இருக்கா?"

அவள் ஊசி இல்லாத அவருடைய கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு, தலையை மட்டும் ஆட்டினாள், சின்னப் பிள்ளை மாதிரி, நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே இருந்தாள். அந்தப் பெரிய மனிதர் அழுததில் கட்டில் குலுங்கி இயந்திரம் கத்தத் தொடங்கியது. கதைக்காரம்மா போய்க் குழாயைச் சரிசெய்து அதன் வாயை அடைத்தாள். அவள் கண்ணையும் தண்ணீர் மறைத்தது, இருந்தாலும் குழாய் விஷயத்தில் அவள் தப்பு விடமாட்டாள்.

பெரியவண்டி முகத்தைத் தோளிலேயே துடைத்துக்கொண்டு கதைக்காரம்மாவைப் பார்த்தார். "அந்தத் தேதிய வேற யாருக்காச்சும் குடுத்துட்டாங்களான்னு டாக்டரக் கேட்டுட்டு வர்றீங்களாம்மா?"

குழாய்களும் ஒயர்களும் கிடக்கிற அந்த அறையில் ஓடக் கூடாது என்று பதினொரு வருஷமாக வருகிறவர் போகிறவர் எல்லாரையும் விரட்டியவள் அவள்தான். அன்றைக்கு அவள் ஓடினாள்.